காது ஒட்டுகிறவள்

பாடி என்ற சொல்லைக் கம்பெனியிலிருந்து தெருவுக்குள் கொண்டுவந்தவள் பூவாயிதான். கொண்டுவந்த அன்று அது வெறும் வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிண நாற்றம் ஏற்றியவர்கள் பிறகு வந்தார்கள்.

விருத்தாசலத்தில் ரயிலடிக்கு அப்பால் பீங்கான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புகைபோக்கி எழுப்பிக்கொண்டிருந்த காலம், அறுபதுகளின் பின்பாதி. கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஊரிலிருந்து முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போன பெண் அவள். அதற்கு முன்பு களை பறித்தாள், கடலை ஆய்ந்தாள், யாரோ ஒரு வியாபாரியின் கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்தாள். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்து, ரேகையே அழிந்துபோயிருந்தது. கல்யாணச் சந்தையில் குறையாகப் பேசப்பட்ட அந்தக் கையைக் கம்பெனி மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைதாம்மா வேணும். பச்சைக் கோப்பையில தடமே விழாது" என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

அவளுடைய வேலை கோப்பைக்குக் காது ஒட்டுவது. கோப்பையின் பிடிக்குக் கம்பெனியில் காது என்று பெயர். அச்சிலிருந்து எடுத்த காதின் இரு முனையிலும் மண் கூழைத் தொட்டு, பாதி காய்ந்த கோப்பையில் வைத்து அழுத்தி, கசிந்து வருவதை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காது கோணினால் கோப்பை கழிவு. வெள்ளைக் களிமண்ணையும் வெள்ளைக் கல்லையும் தண்ணீர் விட்டு அரைத்து எடுக்கிற கலவைக்குப் பெயர் பாடி. எந்த வெள்ளைக்காரன் வைத்த பெயரோ, படித்த மேனேஜரும் பாடி என்றார், மண் சுமக்கிறவனும் பாடி என்றான். கலவை வைக்கிற அறை பாடி ரூம். இரும்பு உருளைக்குள் கூழாங்கல்லோடு போட்டு அரைக்கிறவன் பெயர் ஜெயராஜ், பண்ருட்டிப் பக்கத்துப் பையன். முழங்கை வரைக்கும் வெள்ளை அப்பிய கையோடு, காது ஒட்டுகிற கொட்டகை வாசலில் வந்து நிற்பான்.

"பூவாயக்கா, பாடி பத்துமா? இன்னும் ரெண்டு அரைக்கட்டா?"

"அரைடா தம்பி. ஒனக்கு வேற என்னா வேல?"

முதல் நாள் வேலை முடிந்து வீடு திரும்பியவளைத் தெருவே நிறுத்தி விசாரித்தது. எதிர்வீட்டுப் பெரியநாயகி குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னா வேலடி குடுத்தாங்க?"

"காது ஒட்டற வேலக்கா."

"எதுக்குடி காது?"

"பாடிக்குத்தான்."

பாடி என்றால் அந்தத் தெருவுக்கு இரண்டே பொருள். ஒன்று, ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வது. இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றி மாட்டு வண்டியில் வருவது. பெண்கள் முதல் பொருளை எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். "பாடிக்குக் காது வச்சித் தைக்கறாங்களாம்டி!" என்று பெரியநாயகி குடத்துத் தண்ணீர் தளும்பச் சிரித்தாள். பூவாயியும் சிரித்தாள். உழைத்து வந்த களைப்பில் நாலு பேரைச் சிரிக்க வைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

பூவாயியின் புருஷன் ராஜமாணிக்கம் எட்டாவது பாஸ். எட்டாவது பாஸானதால் சேற்றில் இறங்க மாட்டான். எட்டாவது மட்டுமே பாஸானதால் மேசைக்கும் யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கம்பெனிக்கு அவளுக்கு முன்னால் வேலை கேட்டுப் போனவனே அவன்தான். வாட்ச்மேன் வேலை இல்லை, மூட்டை தூக்குகிறாயா என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டான். வந்தவன், மூட்டை தூக்கச் சொன்னார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. "நான் நாலெழுத்துப் படிச்சவன். உள்ளார நடக்கறத கண்டுபுடிச்சிடுவன்னு பயந்துக்கிட்டு வேணாம்னுட்டானுவ" என்றான். உள்ளே நடப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்ற தேவை அவனுக்கு அன்றே பிறந்துவிட்டது.

பிறகு அதே கம்பெனி அவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டது. டீக்கடையில் அவனை விட்டு வைப்பார்களா?

"என்னா ராஜமாணிக்கம், பொண்டாட்டி பஸ்ஸு ஏறிட்டாளா?"

"ஏறிட்டா, ஏறிட்டா."

"சோறு ஆக்கி வச்சிட்டுப் போனாளா, இல்ல நீதான் ஆக்கணுமா?"

இந்தக் கிண்டலைத் தினமும் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். ஒருநாள், யாரோ வழக்கம்போல, "அவ அங்க என்னாதாம்பா செய்யறா?" என்று கேட்டபோது, ராஜமாணிக்கம் கிளாஸைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"காது ஒட்டறா. பாடி ரூமுன்னு ஒண்ணு இருக்குது. வெளியாள வுட மாட்டானுவ. அங்க பாடி அரைக்கறானுவ. நான் சொல்லல, அவளே சொல்றா."

பெஞ்சில் இருந்தவர்கள் அவன் பக்கம் சாய்ந்தார்கள். அவன் சொல்லை வாங்க நாலு பேர் சாய்வது அவன் பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. அந்த ருசி நாக்கில் ஒட்டியது.

இதில் குமட்டுகிற விஷயம், அவனுக்கு உண்மை தெரியும் என்பதுதான். வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை அன்று மட்டும், தொழிலாளிகளின் குடும்பங்களைக் கம்பெனிக்குள் அழைத்துச் சுற்றிக் காட்டி, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அவனும் போயிருந்தான். பாடி ரூமுக்குள் ஜெயராஜே அழைத்துப் போனான். "இதாண்ணே பாடி. தொட்டுப் பாருங்க, வெண்ண மாதிரி இருக்கும்" என்று ஒரு உருண்டையை அவன் கையில் வைத்தான். ராஜமாணிக்கம் அதைப் பிசைந்து ஒரு பிள்ளையார் பிடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். வீடு வரும்வரை அந்தக் கையை மோந்து மோந்து பார்த்து, "மழ பேஞ்ச வாசனைடி" என்று பூவாயியிடம் சொன்னவனும் அவன்தான்.

டீக்கடைப் பேச்சு காதுக்கு வந்ததும் பூவாயி கேட்டாள்.

"ஏன் இப்பிடிப் பேசிக்கிட்டுத் திரியற? நீ பாக்காததா?"

"சும்மா வெளையாட்டுக்குப் புள்ள. அவனுவளும் சிரிக்கறானுவ."

"சிரிக்கறதுக்கு வேற எதும் கெடைக்கலயா ஒனக்கு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் பதில்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் எதிர்வீட்டுக் கொளஞ்சி காணாமல் போனான். பெரியநாயகியின் மகன், பத்து வயசு இருக்கும். எப்படிக் காணாமல் போனான் என்று தெரு முழுக்கத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அவன் மேய்க்கப் போன ஆடு ஒன்று தப்பிவிட்டது. அவன் அப்பன் ராஜாங்கம், மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சியை எடுத்தான். வாசல் வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தான். பையன் முதலில் "அப்பா" என்று கத்தினான். பிறகு "அம்மா" என்று கத்தினான். அப்புறம் தெருவில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கத்தினான். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏற்றியிருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

பூவாயி போனாள். வேலையிலிருந்து வந்த சேலையோடு குறுக்கே போய் நின்றாள்.

"வுடுண்ணே. செத்துடப் போறான்."

"எம் புள்ள, நான் அடிக்கறேன். பெத்து வளத்தாத்தான் தெரியும். நீ ஒன் காத ஒட்டுற வேலயப் பாத்துக்கிட்டுப் போ."

அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் போதும் என்று ராஜாங்கத்துக்குத் தெரியும். அவள் அதற்கும் நகரவில்லை. குச்சி அவள் தோளிலும் ஒரு தடவை விழுந்தது. அதன் பிறகுதான் நிறுத்தினான். பெரியநாயகி வாசற்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபோது பையன் இல்லை. கிணறு பார்த்தார்கள், ஏரிக்கரை பார்த்தார்கள், கொளஞ்சியப்பர் கோயில் வரைக்கும் ஆள் போனது. மத்தியானம் வரை, "அடி தாங்காம எங்கயோ ஓடிட்டான்" என்றுதான் தெருவில் பேச்சு. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு செத்துவிட்டது. யாரும் அதைக் கொல்லவில்லை, எல்லோரும் சேர்ந்து பட்டினி போட்டார்கள். ஓடிப்போனான் என்றால் ஏன் ஓடினான் என்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்டால் ராஜாங்கம் தலை குனிய வேண்டும், பெரியநாயகி தலை குனிய வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டும் கதவைத் திறக்காத ஒவ்வொரு வீடும் தலை குனிய வேண்டும். அப்படிப்பட்ட உண்மை எவனுக்கு வேண்டும்?

டீக்கடையில் ராஜமாணிக்கம் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. மற்றவர்களே அவனிடம் வந்தார்கள்.

"ஏம்ப்பா, நீ அன்னிக்குச் சொன்னியே, பாடி அரைக்கறதுன்னு..."

நல்லூர் பக்கம் வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டால் பிரம்பை எடுக்கிறவர், இங்கே கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எலும்புச் சாம்பல் சேர்த்து பீங்கான் செய்யறது உண்டு. சீமையில அதுக்குத் தனிப் பேரே இருக்குது. சாம்பல் சேந்தாத்தான் அந்த வெளுப்பு வரும்."

"எலும்புன்னா..."

"எலும்புதான்" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார். மாட்டெலும்பு என்பதை ஊதி முடித்த பிறகு, எழுந்து போகும்போது, பாதி வாயில் சொன்னார். அதற்குள் பெஞ்சே காலியாகிவிட்டது. படிப்பு ஊருக்குள் வந்த லட்சணம் அது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிற அளவுக்கு மட்டும் வந்திருந்தது.

அன்றிரவே கதைக்குக் கைகால் முளைத்தது. புகைபோக்கி நிற்பதற்கே முதலில் ஒரு காவு கொடுத்தார்களாம். பையன்களின் இளம் எலும்புதான் நன்றாக அரைபடுமாம். அரைக்கிறவன் வேதக்காரனாம், சர்ச்சுக்குப் போகிறவனாம், அவர்கள் கல்லறைக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு வேலிதானாம். ஜெயராஜ் பண்ருட்டியில் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிய பூவாயியைப் பெரியநாயகி வழிமறித்தாள். தலை விரிந்து கிடந்தது. கண் வீங்கியிருந்தது.

"எம் புள்ள காத நீதான் ஒட்டுனியாடி?"

பூவாயிக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் பஸ்ஸை மறந்து நின்றாள். தோளில் ராஜாங்கத்தின் குச்சி பட்ட தடிப்பு இன்னும் இருந்தது. ரவிக்கையைச் சற்று இறக்கி அதைக் காட்டினாள்.

"யக்கா, இத பாரு. இது எங்க பட்டுதுன்னு ஒனக்குத் தெரியாதா? அவன் எதுக்கு ஓடுனான்னு ஒனக்குத் தெரியாதா?"

பெரியநாயகி அந்தத் தடிப்பைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகம் இளகியது. பிறகு பின்னால் நின்ற ராஜாங்கத்தைப் பார்த்தாள். உடனே தெருப் புழுதியை வாரி பூவாயி மேல் வீசினாள்.

"பாவி! என் வயித்தெரிச்சல் ஒன்ன சும்மா வுடாது!"

பூவாயி சேலையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அது உண்மை என்றாகிவிடும். அதை விட, அந்தக் கொட்டகையில், அழிந்த ரேகையுள்ள தன் விரல்கள் எதற்கோ உதவுகிற அந்த இடத்தில்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. அதையும் இவர்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

அவள் நாலைந்து பலகை கோப்பைகூட முடிக்கவில்லை. கேட்டில் சத்தம் கேட்டது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. வழியில் இருந்த ஊர்களிலும் ஆள் சேர்ந்திருந்தார்கள். கொளஞ்சியை யாரென்றே தெரியாதவர்கள் முன்வரிசையில் நின்று கத்தினார்கள். ஆண்கள் கையில் கழி இருந்தது. சிலர் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையைத் தேடி வருகிறவன் கட்டுச்சோறா கட்டிக்கொண்டு வருவான்?

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். நல்லவர், பயந்தவர். கம்பிக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "அமைதியா இருங்க. ஆபீஸ் வரைக்கும் நாலு பேர் வாங்க, பேசலாம். பாடி ரூமுக்குள்ள மட்டும் வெளி ஆளுங்கள விட முடியாது. அது கம்பெனி ரூல்."

"அவரு வாயாலயே சொல்லிட்டாருப்பா!" என்று கூட்டம் அதிர்ந்தது. "பாடி ரூமு இருக்குதாம்! கேட்டுக்கிட்டீங்களா?"

ஜெயராஜுக்கு விஷயம் என்னவென்றே தெரியவில்லை. அரைக்கிற மில்லை நிறுத்திவிட்டு, முழங்கை வரை வெள்ளையாக, ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "என்னாண்ணே, எல்லாரும் திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க?"

அந்த வெள்ளைக் கையைப் பார்த்ததும் ஒரு பெண் வீரிட்டாள். "சாம்பலு! சாம்பலு!"

"உள்ள போடா" என்று பூவாயி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அவன் போகாமல் விழித்துக்கொண்டு நின்றான். இவனைக் கொன்றுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டுத் தாழ்ப்பாள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பாடி ரூமிலிருந்து ஒரு கை நிறைய மண்ணை அள்ளி வந்தாள். கேட்டுக்கு எதிரே நின்றாள்.

"இதாங்க பாடி. மண்ணு. வெள்ளக் களிமண்ணு. நான் தெனமும் கையில வச்சிருக்கறது. பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. கத்தல்தான் கூடியது. அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்த மண்ணைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். பல்லில் நறநறத்தது. விழுங்கினாள். இன்னொரு உருண்டை போட்டாள்.

"பொணமாயிருந்தா திம்பனா? சொல்லுங்க! பொணத்த ஒருத்தி திம்பாளா?"

சட்டென்று அமைதி. பூவாயி ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். கடைவாயில் வெள்ளை வழிய, மூச்சு வாங்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். களை பறித்தபோது பக்கத்துப் பத்தியில் குனிந்தவர்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடியே, திங்கறாடி!"

"ஐயோ, முழுங்கறா பாரு."

"மண்ணுன்னா துப்ப மாட்டாளா? பழகிப்போச்சு அவளுக்கு."

ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியே சாட்சியாகிப் போனது. பூவாயி கூட்டத்துக்குள் தன் புருஷனைத் தேடினாள். வாத்தியாருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

"இந்தா, நீ வா முன்னாடி! நீ சொல்லு. ஆயுத பூசைக்கு வந்தியே, கையில வாங்கிப் பெசைஞ்சியே, பிள்ளையாரு புடிச்சியே. இது என்னான்னு இவங்களுக்குச் சொல்லு!"

கூட்டம் திரும்பி ராஜமாணிக்கத்தைப் பார்த்தது. டீக்கடையில் சாய்ந்தது நாலு பேர். இங்கே ஐந்நூறு பேர். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தொண்டையைச் செருமினான்.

"எனக்குக் காட்டுனது மண்ணுதான்" என்றான். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "உள்ளார வேற என்னா வச்சிருந்தானுவளோ, அது எனக்குத் தெரியாது" என்றான்.

அதில் பொய் என்று ஒரு சொல் கிடையாது. பூவாயிக்கு அதுதான் குமட்டியது. வாயிலிருந்த மண் குமட்டவில்லை.

கேட் விழுந்தது. காய்கிற கோப்பைகள் அடுக்கிய பலகைகளைக் கவிழ்த்தார்கள். மில்லுக்குள் கிடந்த கூழாங்கற்களையே எடுத்து ஜெயராஜை அடித்தார்கள். பூவாயி அவன் மேல் விழுந்து கிடந்தாள். போலீஸ் வந்து கூட்டத்தை விரட்டியபோது அவன் வலது கை முழங்கையில் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கையால் பிறகு எதையும் தூக்க முடியவில்லை. அவன் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

போலீஸ் கம்பெனியைச் சல்லடையாகச் சலித்தது. மண்ணும் கல்லும் கூழும்தான் இருந்தன. "முன்னாடியே தகவலு போயிருக்கும். எல்லாத்தையும் சூளையில போட்டு எரிச்சிருப்பானுவ" என்றது ஊர். எலும்பு கிடைத்திருந்தால் அது சாட்சி. கிடைக்காததால் அது இன்னும் பெரிய சாட்சி.

கம்பெனி சில வாரங்கள் மூடிக் கிடந்தது. பூவாயியின் பேர் அதற்குள் போய்விட்டது. பொணந்தின்னி என்றார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. ராஜமாணிக்கம் இப்போது டீக்கடையில் காசு கொடுப்பதில்லை, யாராவது கொடுத்தார்கள். "வூட்டுலயே வச்சிக்கிட்டு எப்பிடிய்யா இருக்கற?" என்று அவனிடம் பரிதாபமாகக் கேட்டார்கள். "என்னா பண்றது, தாலி கட்டிட்டனே" என்று அவன் பெருமூச்சு விட்டான். பெருமூச்சு விட்டு விட்டு, அவன் மெதுவாக அதை நம்பவும் தொடங்கினான். கேட்டுக்கு வெளியே அன்று சொன்னதற்கு அவனுக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. உள்ளே உண்மையிலேயே ஏதோ இருந்தால்தான் அவன் யோக்கியன்.

தை பிறந்து சில நாளில் கொளஞ்சி வந்தான்.

பெரியநாயகியின் தம்பி தங்கராசு, நல்லூரில் இருக்கிறவன், அவனை பஸ்ஸிலிருந்து கையைப் பிடித்து இறக்கினான். "திருச்சியில ஒரு ஓட்டல்ல எச்சில் எல எடுத்துக்கிட்டிருந்தான் மாமா. நம்ம ஊரு லாரிக்காரர் பாத்துட்டுத் தகவல் சொன்னாரு. டிக்கெட் எடுக்காம ரயிலேறிப் போயிருக்கான், படுவா" என்று சிரித்தான். தெரு முழுக்க ஓடி வந்தது. பெரியநாயகி மகனைக் கட்டிக்கொண்டு தரையில் புரண்டு அழுதாள். பூவாயி தன் வீட்டு வாசலில் நின்றாள். அவளுக்கும் கண் நிறைந்தது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பையன் எதிரே உட்கார்ந்தாள்.

"கொளஞ்சி, நல்லா இருக்கியாடா? எங்க போன, நீயே சொல்லுடா ராசா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பையன் அவளைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அப்பனைப் பார்த்தான். ராஜாங்கம் மாட்டுக் கொட்டகையோரம் நின்றான். கை பழக்கத்தில் தார்க்குச்சி மேல் இருந்தது. சொல்கிற பதிலில் ஒன்று அடியில் முடியும், இன்னொன்று அணைப்பில் முடியும் என்று பத்து வயசுக்குத் தெரியாதா?

"கம்பெனிக்காரங்கதான் புடிச்சிக்கிட்டுப் போனாங்க" என்றான்.

"டேய், திருச்சியில என்னாண்ட நீ சொன்னது..." என்று தங்கராசு தொடங்கினான். ராஜமாணிக்கம் முந்திக்கொண்டான்.

"மருந்து குடுத்து ரயில்ல ஏத்தி வுட்டிருப்பானுவ. நாம போயி கேட்ட ஒடைக்கலன்னா உசுரோட வுட்டிருப்பானுவளா? பயந்துட்டானுவய்யா!"

ஆமாம் ஆமாம் என்றது தெரு. ராஜாங்கம் ஓடி வந்து மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பையன் தொங்கவிட்ட காலில், புதுக் கால்சட்டைக்குக் கீழே, பழைய தழும்புகள் எல்லோர் கண்ணுக்கும் நேராக ஆடின. தங்கராசு பூவாயியைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். மத்தியானம் அவனுக்குக் கோழி அடித்தார்கள்.

பையன் மேல் பூவாயிக்குக் கோபம் வரவில்லை. அவன் அடிக்குப் பயந்து சொன்னான். மற்றவர்கள் எதற்குப் பயந்தார்கள்? தங்கள் முகத்தைத் தாங்களே பார்க்க நேர்ந்துவிடுமே என்றுதானே? ஒரு பிள்ளையின் முதுகையும் ஒருவன் கையையும் ஒருத்தியின் பேரையும் அதற்கு விலையாகக் கொடுத்தார்கள். அதுவும் தங்களுடையதைக் கொடுக்கவில்லை.

கம்பெனி திறந்தது. அந்த வேலைக்குப் போகிறவளுக்கு ஊரில் நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். ராஜமாணிக்கம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை பூவாயி இரண்டு சேலையையும் ஒரு பாத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வேலைக்கு."

"பையி எதுக்கு?"

"திரும்பி வர்றதா இல்ல."

"நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேரோடயே இரு" என்றாள்.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் சம்சாத் பேகம் என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் ஓர் ஓட்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. அந்தம்மாள் எதுவும் விசாரிக்கவில்லை. எழுபதுகளில் கம்பெனி கைமாறி, கோப்பை போய் மின்சாரத்துக்கான பியூஸ் கட்டை செய்யத் தொடங்கியபோதும் பூவாயியை விடவில்லை. புதிதாகச் சேரும் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார அடித்துக்கொண்டார்கள். லீவு நாளில் சில சமயம் பண்ருட்டி பஸ் ஏறி ஜெயராஜைப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, ஊருலேர்ந்து யாராச்சும் என்னப் பத்திக் கேட்டாங்களா?" என்று அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டான். யாரும் கேட்டதில்லை.

பல வருஷம் கழித்து ஒரு கோடை நாளில் ராஜமாணிக்கம் அந்த அறை வாசலில் வந்து நின்றான். ஆள் வற்றிப்போயிருந்தான். கேட்பதற்கு யாரும் இல்லாமல் அவன் கதையும் வற்றிப்போயிருக்க வேண்டும். டீக்கடைக்கு அதற்குள் வேறு கதைகள் வந்துவிட்டன. உள்ளே வரச் சொல்ல மாட்டாளா என்று பார்த்தான். அவள் சொல்லவில்லை.

"தாகமா இருக்குது" என்றான்.

வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. சொம்பில் மொண்டு கொடுத்தாள். அவன் வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். வெளிச்சத்துப் பக்கம் லேசாகத் திரும்பி, சொம்புக்குள் குனிந்து, அடிவரை பார்த்தான்.

பூவாயி கை நீட்டிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். தண்ணீரை வாசலில் ஊற்றினாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.